ஈரம் இல்லைங்க, நீளம்

குன்னூர் வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. இசட் 80ங்கிற பழைய 8 பிட் சிப்பு வெச்ச போர்டு, அதுல நம்ம குழு எழுதின குட்டி நிரல் மொழி, பச்சைத் தேயிலை எடைச் சீட்டு. முதல்ல 42 கிலோன்னு போட்டாங்க. அப்புறம் பேரு: கிருஷ்ணமூர்த்தி. சீட்டுல வந்தது மைனஸ் 29265 கிலோ! கீழே ஒரே தீர்ப்பு: "மலை ஈரம் சார், சாக்கெட் போச்சு."

ஈரம் இல்லைங்க, நீளம். எழுத்துச் சரத்தைக் காப்பி பண்ற ஃபங்ஷன், போய்ச் சேர்ற இடம் எவ்வளவு பெருசுன்னு கேக்கவே இல்லை.

எழுத்தைப் பைட்டா மாத்தி வைக்கிற யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு; எழுத்து, அதோட கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. கிருஷ்ணமூர்த்தி 15 குறி, ஆக 45 பைட்டு. பேருக்கு ஒதுக்கினது 16. அதை ஒட்டின 2 பைட்டுதான் கிலோ. 16, 17, 18ஆம் பைட்டுகள் 'ஷ்' தலைமேல இருக்கிற புள்ளி. கிலோ இடத்துல விழறது அதோட கடைசி ரெண்டு பைட்டு, பதினாறடிமானத்துல ஏஎஃப், 8டி. தாழ்ந்த பைட்டு முன்னால வர்ற, மைனஸும் காட்டற 16 பிட் எண்ணா அதைப் படிங்க: மைனஸ் 29265. எத்தனை தடவை போட்டாலும் இதேதான். ஈரத்துக்கு இவ்வளவு கணக்கு வருமா?

ஈரமே கிடையாதுன்னு நான் சொல்லலை. ஊட்டி மழைக்கு ஐசி கால் கறுக்கும், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பழுது வரும், போகும், சிப்பை அழுத்தினா மாறும். இது மாறலை.

"பழைய சிப்பு, ஒவ்வொரு தடவையும் நீளம் பார்த்தா மெதுவாயிடும்"னு ஒருத்தர். பைட்டுகளை வரிசையா காப்பி பண்ற இசட் 80 கட்டளை எல்டிஐஆர், ஒரு பைட்டை நகர்த்த 21 கடிகாரத் துடிப்பு எடுக்குது. சரத்தோட நீளத்தைச் சொல்ற நீள பைட்டை எடுத்து, இட அளவோட ஒப்பிட்டு, சின்னதை வெச்சுக்க நாலே கட்டளை, அதிகபட்சம் 23 துடிப்பு. 4 மெகாஹெர்ட்ஸ்ல 6 மைக்ரோசெகண்டு கூட இல்லை. ஆமாமா, அதுக்குள்ள கொழுந்து முத்திப் போயிடும்!

வேகப் பிரியர்கள் பேரைக் காலியா விட்டு என்டர் தட்டிப் பாருங்க. எத்தனை பைட்டுன்னு எண்ணிக்கை வெச்சிருக்கிற பிசி ஜோடியில (பி, சி ரெஜிஸ்டர்கள்) 0 இருந்தா எல்டிஐஆர் சும்மா நிக்காது. காப்பி பண்ணி, ஒண்ணைக் குறைச்சு, அப்புறம்தான் 0வான்னு பார்க்கும். அதாவது 65536 பைட்டுக்குக் கிளம்பிடும், வழியில உங்க புரோகிராமையும் சேர்த்து மிதிச்சுக்கிட்டு. முன்னால 'எல்டி ஏ,பி', 'ஓஆர் சி', 'ஆர்ஈடி இசட்' போட்டாப் போதும், 0ன்னா காப்பி பண்ணாம திரும்பிடும். மூணு பைட்டு.

வெட்டினாலும் பார்த்து வெட்டணும். 16ல வெட்டினா புள்ளியோட முதல் பைட்டு மட்டும் தொங்கும், டெர்மினல்ல குப்பை வரும். வெட்டுக்கு அடுத்த பைட்டோட மேல் ரெண்டு பிட் 10 இருக்கிற வரைக்கும் ஒண்ணொண்ணா பின்னால வரணும். 15ல நிக்கும். வெட்டின நீளத்தை நீள பைட்டுலயும் எழுதணும், இதைப் பாதிப் பேர் மறந்துடறாங்க. அப்பவும் மிஞ்சறது 'கிருஷ'தான், அதனால பேருக்கு 48 பைட்டாவது ஒதுக்குங்க. நினைவகம் (ராம்) பத்தலைன்னா சீட்டு எண்ணிக்கையைக் குறைங்க.

"பேரை இங்கிலீஷ்ல போட்டாப் பிரச்சினையே இல்லையே"ன்னு ஒரு கமெண்ட். இதான் சுருக்குனு குத்துச்சு. இனிஷியலும் ஊர்ப் பேரும் சேர்ந்தா அதுவும் 16ஐத் தாண்டும். கிலோ வேற நம்பர் காட்டும், அவ்வளவுதான். இலை பறிச்சுக் கொண்டுவர்றவர் தன் பேரைத் தமிழ்ல பார்க்கணும்னுதானே இந்த மொழியையே ஆரம்பிச்சோம்? இப்ப அவர் பேரு நீளமா இருக்கிறது அவர் தப்பா?

போன மழைக்கு முன்னாடியே குழுவில இதை எழுதினேன். சிரிப்பு எமோஜி வந்துச்சு. இப்ப ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் வாங்கக் காசு திரட்டறாங்களாம். நான் தரலை.