1985இல் கிடைத்தது மருந்து இல்லை

அண்ணே, "ஆலன் ஃபேர்லாம்ப் 1985லேயே ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார், கம்பெனிகள் அமுக்கிவிட்டன" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கதைகள் கலந்துவிட்டன.

அந்த ஆண்டு உயிர்வேதியியலாளர்களான அவரும் அந்தோணி செராமியும் மற்ற சகாக்களும் நியூயார்க்கில் அடையாளம் கண்டது டிரிபனோதயோன் என்ற மூலக்கூறு. அடிப்படை, நம் உடலில் செல்களைக் காக்கும் அதே குளுட்டதயோன்தான். இந்த நோயைக் கொடுக்கும் ஒட்டுண்ணியில் மட்டும் இரண்டு சேர்ந்து, நடுவில் ஸ்பெர்மிடின் என்ற சிறு மூலக்கூறு கோத்திருக்கும். ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து தப்பிக்க ஒட்டுண்ணி இதைத்தான் நம்பியிருக்கிறது. நமக்கு இந்த இரட்டைச் சேர்க்கை கிடையாது. அதனால் மருந்தால் தாக்க நல்ல இடம், அவ்வளவுதான். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுத்த பிள்ளையைக் கேட்டாலும், இடம் தெரிவது வேறு, மாத்திரை கையில் வருவது வேறு என்று சொல்லும்.

இதன் முக்கியப் பலன், பழைய மருந்துகள் வேலை செய்யும் விதம் புரிந்தது. மெலார்சோப்ரோல் என்ற ஆர்சனிக் ஊசி (போட்டவர்களில் ஏறக்குறைய 5% பேர் அதனாலேயே இறந்தார்கள்!) டிரிபனோதயோனோடு ஒட்டிக்கொள்கிறது என்று 1989இல் ஃபேர்லாம்ப் குழு காட்டியது. எஃப்லோர்னிதின் என்ற இன்னொரு மருந்தோ ஸ்பெர்மிடின் தயாரிப்பையே முடக்கும். அது எலிகளைக் குணப்படுத்தியதை 1980இல் காட்டியது சைரஸ் பாக்கி குழு. லாபமில்லை என்று 1990களில் கம்பெனி தயாரிப்பை நிறுத்தியது இந்த எஃப்லோர்னிதினைத்தான். நீங்கள் கேள்விப்பட்டது அதுவாக இருக்கும்.

அப்புறம், "சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது எதற்கு?" என்கிறீர்கள். தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ இங்கே இல்லை, சரி. ஆனால் அந்த நோயின் ஒட்டுண்ணிக்குப் பங்காளியான டிரிபனோசோமா எவான்சி பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலேயே மாடு, குதிரைகளுக்குச் சுர்ரா நோயைக் கொடுக்கிறது. அதைப் பரப்புவதற்குச் சாதாரண மாட்டு ஈ போதும்.