டிரிவியமின் 'அசெண்டன்ஸி'யை ஏன் இன்னும் கேட்கச் சொல்கிறேன்

ஹெவி மெட்டல் இசையில் அதிவேக வகையான த்ராஷைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிலருக்கு, மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த மெட்டல்கோர் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். மெட்டல்கோர் வழியாக மெட்டலுக்குள் வந்தவர்கள் சிலருக்கோ த்ராஷ் என்பது அப்பா காலத்துச் சமாச்சாரம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆல்பம்தான் டிரிவியம் குழு 2005 மார்ச்சில் வெளியிட்ட 'அசெண்டன்ஸி'. "இதிலும் கொஞ்சம், அதிலும் கொஞ்சம் எடுத்துக் கலக்கி வைத்திருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்த ஆல்பத்தில் த்ராஷ் இல்லாமல் மெட்டல்கோர் நிற்காது. மெட்டல்கோர் இல்லாமல் த்ராஷுக்கு இவ்வளவு கூர்மை வராது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவைச் சேர்ந்த குழு இது. பாடகரும் கிதார் கலைஞருமான மேட் ஹீஃபிக்கு அப்போது வயது 19. இன்னொரு கிதார் கலைஞர் கோரி பியூலியூ, பேஸ் கிதார் வாசித்த பாவ்லோ கிரெகொலெட்டோ, டிரம்ஸ் வாசித்த டிராவிஸ் ஸ்மித் என்று நால்வருமே இருபதுகளின் தொடக்கத்தைத் தாண்டாதவர்கள். 1983-இல் த்ராஷ் முன்னோடிகளான மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் வந்தபோது அதன் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கும் 19 வயதுதான். சின்னப் பையன்கள், அதனால் மன்னித்துவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வயதில் ஒரு பொறுமையின்மை இருக்கும் பாருங்கள், ஒரு ரிஃபில் (கிதாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டில்) நின்று நிதானிக்காமல் அடுத்ததற்குத் தாவிவிடுகிற வேகம், அது த்ராஷுக்கு எப்போதுமே எரிபொருள்.

சரி, இரண்டு பாணியும் எங்கே ஒட்டுகின்றன? த்ராஷின் உயிர் வலது கையில் இருக்கிறது. உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் லேசாக அழுத்திக்கொண்டு, கீழ்நோக்கியே வேகமாக மீட்டி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மெட்டல்கோரின் உயிர் பிரேக்டவுன், அதாவது பாட்டு திடீரென மெதுவாகிக் கனக்கும் பகுதி. இது ஹார்ட்கோர் பங்கிலிருந்து வந்தது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில், ஸ்னேர் என்ற டிரம்மின் அடி இரண்டாம், நான்காம் எண்ணிக்கையிலிருந்து மூன்றாவதற்கு மாறும். பாட்டின் உண்மையான வேகம் அப்படியே இருக்கும். ஆனால் காதுக்குப் பாதியாகக் குறைந்தது போலத் தோன்றும், உடம்பு தானாகக் கனத்துவிடும். பல மெட்டல்கோர் குழுக்களிடம் எனக்குள்ள குறையே இங்கேதான். பிரேக்டவுன் வருவதற்கு முன் ஓடிவந்த தூரம் போதாது. ஓட்டமே இல்லாதபோது திடீரென நிற்பதில் என்ன அதிர்ச்சி இருக்கப்போகிறது?

'அசெண்டன்ஸி' அந்த ஓட்டத்தைக் கொடுக்கிறது. 'புல் ஹார்டர் ஆன் த ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் யுவர் மார்ட்டர்' பாட்டின் ரிஃப், இரண்டு கால்களாலும் வேகமாக அடிக்கும் டபுள் பேஸ் டிரம்ஸோடு பூட்டிக்கொண்டு முன்னால் பாய்கிறது. கனமான பகுதிக்கு வந்து சேரும்போது அந்தக் கனத்துக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. 'எ கன்ஷாட் டு த ஹெட் ஆஃப் ட்ரெபிடேஷன்' கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு. இரட்டைக் கிதார்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஏறும் மெட்டு, அப்புறம் சோலோ, அப்புறம் மறுபடி இடி. மெட்டல்கோர் சூழலில் வளர்ந்த ஒரு குழு 2005-இல் இவ்வளவு நீளமாகக் கிதாரைப் பேசவிட்டது எனக்கு இன்றும் துணிச்சலாகவே படுகிறது.

ஒலிக்கலவை செய்தவர் ஆண்டி ஸ்னீப். எண்பதுகளில் சாபத் என்ற பிரிட்டிஷ் த்ராஷ் குழுவில் கிதார் வாசித்தவர். கில்ஸ்விட்ச் என்கேஜ் குழுவின் மெட்டல்கோர் ஆல்பங்களுக்கும் கலவை செய்தவர். இரண்டு வீட்டிலும் புழங்கிய ஒரு மனிதரிடம் இந்த ஆல்பம் போய்ச் சேர்ந்ததன் பலன், ரிஃபின் ஒவ்வொரு வெட்டிலும் தெரிகிறது. கிதார் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் மூச்சுமுட்டவில்லை.

குறை இல்லாத ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். 'டையிங் இன் யுவர் ஆர்ம்ஸ்' எனக்கு ஒட்டவே இல்லை. வானொலிக்காகவே எழுதியது போன்ற கோரஸ், சுற்றியுள்ள பாட்டுகளின் சூட்டை ஆற்றிவிடுகிறது. பேஸ் டிரம்மின் 'டிக் டிக்' சத்தம் சில இடங்களில் தட்டச்சு இயந்திரம் போல உறுத்துகிறது. கடைசி மூன்று நான்கு பாட்டுகளில் ஒரு பாட்டைக் குறைத்திருந்தாலும் ஆல்பம் இன்னும் கச்சிதமாகியிருக்கும்.

வரவேற்புக்கு ஒன்றும் பஞ்சமில்லை. அந்த வருடம் இங்கிலாந்தில் நடந்த டவுன்லோட் ராக் இசை விழாவில் பிரதான மேடையில் அன்றைய முதல் குழுவாக ஏறி, அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே பெயர் வாங்கினார்கள். கெராங் என்ற பிரிட்டிஷ் ராக் இசைப் பத்திரிகை இந்த ஆல்பத்தை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது.

கலவைதான் இதன் பலம் என்பதற்கு நான் காட்டும் சான்று அடுத்த ஆல்பம். 2006-இல் வந்த 'த க்ரூசேட்'-இல் ஸ்க்ரீம் என்ற அலறல் குரலைக் கிட்டத்தட்ட முழுக்க விட்டுவிட்டு, பழைய த்ராஷின் பக்கம் நேராகப் போனார்கள். வாசிப்பில் இன்னும் தேர்ச்சி கூடியிருந்தது. ஆனாலும் கேட்ட பலரும் உடனே மெட்டாலிகாவைத்தான் நினைத்தார்கள். கலப்பை நீக்கியதும் அவர்களுடைய முகமே கொஞ்சம் மங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். "சுத்தமான த்ராஷ் வேண்டும்" என்று கேட்பவர்கள் இந்த இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

பிறகு வந்த ஆல்பங்களில் மறுபடி சேர்ந்துகொண்ட அந்த ஸ்க்ரீம் சும்மா வந்ததும் இல்லை. 2014-இல் ஒரு மேடையில் ஹீஃபியின் குரல் உடைந்துபோனது. முறையாகப் பாடப் பயிற்சி எடுத்துக்கொண்டார். 2015 ஆல்பத்தில் ஸ்க்ரீமே இல்லை. 2017-இல்தான் அது ஆல்பத்துக்குத் திரும்பியது. இப்போது அவர் குரல் பாதுகாப்பாகவும் வலுவாகவும் இருக்கிறது, மகிழ்ச்சி. இளம் குழுக்களில் ஸ்க்ரீம் செய்கிறவர்கள் தொண்டை கிழிந்த பிறகு பயிற்சிக்குப் போகாமல், முதல் ஆல்பத்துக்கு முன்பே போக வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

2025-இல் இந்த ஆல்பத்தின் 20 ஆண்டு நிறைவுக்காக முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்துச் சுற்றி வந்தார்கள், கூடவே புல்லட் ஃபார் மை வேலன்டைன் குழுவும். இதுவரை கேட்காதவர்கள் 'கன்ஷாட்'டில் தொடங்குங்கள். அது பிடித்தால் முதல் பாட்டுக்குப் போய் வரிசையாகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த நிமிடத்தில் விலகினீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், பேசலாம்.