லாஜிஸ்டிக்ஸ் வேலைக்குப் போக நினைக்கும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

பொறியியல் முடித்த தம்பி தங்கைகள் பலர், சரக்கை ஏற்றி இறக்கி, சேமித்து, அனுப்பிவைக்கும் லாஜிஸ்டிக்ஸ் துறையில் எந்தச் சாப்ட்வேர் படித்தால் உடனே வேலை கிடைக்கும் என்று உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாப்ட்வேரை வேலைக்குச் சேர்ந்த பிறகு பழகிக்கொள்ளலாம். சரக்கு எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று பார்க்கும் கண்தான் முதலில் வேண்டும் என்பது என் கருத்து. இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவர்கள் அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

நம் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள்கள் என்று ஏற்பாடு இருப்பது நமக்குத் தெரியும். விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில் இறாலும் நண்டும் கணவாயும் மொத்தமாக வந்து இறங்குகின்றன. தரம் பிரித்து, எடை போட்டு, ஐஸ் கட்டியை உடைத்து மீனோடு மாற்றி மாற்றிப் பெட்டியில் அடுக்கி, கம்பெனி வண்டியில் ஏற்றுவது வரை எல்லாம் வெயில் ஏறுவதற்குள் நடந்தாக வேண்டும். மறுநாள் அதே வண்டிகளில் பல சும்மா நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுச் சரக்கே கிடையாது. வாரச் சராசரியைப் பார்த்து ஐஸுக்கும் வண்டிக்கும் சொல்லி வைப்பவருக்கு, படகு வரும் நாளில் சரக்கு கெடும், வராத நாளில் வாடகை வீணாகும். ஏற்ற இறக்கமான வரத்தைச் சமாளிப்பது என்று பாடத்தில் வருவது இதுதான்.

1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிறுவிய ஒரு விதி இத்துறைக்கு அடிப்படை: வரும் வேகத்தை நிற்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே இருக்கும் எண்ணிக்கை கிடைக்கும். மணிக்கு 20 லாரி வரும் யார்டில் (லாரிகள் காத்து நிற்கும் வளாகத்தில்) ஒவ்வொரு லாரியும் சராசரியாக 3 மணி நேரம் நின்றால், எந்நேரமும் சுமார் 60 லாரி உள்ளே இருக்கும். இடம் போதவில்லை என்று நிர்வாகம் பக்கத்து நிலத்தை விலை பேசும். பொறியாளர் அந்த 3 மணி நேரத்தை 2 மணி நேரமாகக் குறைக்க வழி தேடுவார்.

தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்கைக் கையாளும் இடத்தில் சேர்ந்தால் இன்னொன்றும் புரியும். குளிர்பதனக் கண்டெய்னர் சரக்கை உறைய வைக்கும் எந்திரம் அன்று. ஏற்கெனவே உறைந்த சரக்கை மைனஸ் 18 டிகிரியில் காப்பது மட்டுமே அதன் வேலை. குளிர் குறைந்த சரக்கை ஏற்றிவிட்டாலோ, காற்று சுற்றிவர இடமில்லாமல் கூரை வரை அடுக்கிவிட்டாலோ, கப்பல் ஏறுவதற்கு முன்பே காரியம் கெட்டுவிடும். திரையில் இது வெறும் எண்ணாகத் தெரியும். கதவருகே நின்று பார்த்தவருக்குத்தான் காரணம் தெரியும்.

ஆகவே தொடக்கத்தில் கிடங்கு, யார்டு, ஷிப்டு வேலை என்று வந்தால் தயங்காமல் சேருங்கள். பி.இ. படித்துவிட்டு லாரி ஆபீஸ் வேலையா என்று வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள் (என் வீட்டிலும் சொன்னார்கள்). மாறாக, ஹார்பரில் வேலை உறுதி என்று பெருந்தொகை வாங்கும் குறுகிய காலச் சான்றிதழ்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். புள்ளியியலை ஒழுங்காகப் படியுங்கள். எக்செல் கைவர வேண்டும். இ-வே பில்லும் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்-ஆவணம்) கப்பல் ஆவணங்களும் எந்தக் கட்டத்தில் யார் கைக்குப் போகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு, முதல் ஆண்டில் எத்தனை மாதம் தளத்தில், அதாவது கிடங்கிலோ யார்டிலோ நேரடியாக இருப்பேன் என்பதையும் கேளுங்கள். தளமே கிடையாது, முழுக்கக் கணினி முன்தான் என்று பதில் வந்தால், வேறு இடம் கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள் அந்த வேலையை விட்டுவிடலாம்.