பெசலெயேலுக்கு நம் சபையில் என்ன வேலை?

கன்வென்ஷன் மேடையில் சாட்சி சொல்ல எழும் ஒருவர், கை நிறையச் சம்பளம் வாங்கிய வேலையை உதறிவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்ததாகச் சொல்லும்போது, பந்தலின் கடைசி வரிசை வரை அல்லேலூயா முழங்குகிறது. அதே பந்தலில், மழை தூறும்போதெல்லாம் ஓடிப்போய் வயரைத் தூக்கிக் கட்டி, ஒருவருக்கும் ஷாக் அடிக்காதபடி கூட்டம் முடியும்வரை கண்விழித்திருந்த எலக்ட்ரீஷியனிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. நன்றியுரையிலும் அவர் "ஒலி, ஒளி உதவிய சகோதரர்கள்" என்ற ஒற்றை வரிக்குள் போய்விடுவார். வேலையை விட்டு வந்தவரை நான் குறைசொல்லவில்லை; அப்படி அழைக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் தேவனுக்குப் பணிசெய்கிறார், மற்றவர் அவருக்கு ஒத்தாசை செய்கிறார் என்று நாம் வகுத்து வைத்திருக்கும் இந்தக் கணக்கு வேதத்தில் இல்லை என்பதே என் எண்ணம்.

தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மனிதன் தீர்க்கதரிசியும் அல்ல, ஆசாரியனும் அல்ல. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் வரும் பெசலெயேல், யூதா கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு கைவினைஞன். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலைசெய்யவும், இரத்தினங்களை முத்திரைவெட்டாக வெட்டிப் பதிக்கவும், மரத்தில் சித்திரவேலை செய்யவும் அவன் ஆவியால் நிரப்பப்பட்டான். மோசேயும் ஆரோனும் பக்கத்திலேயே இருந்தும், இஸ்ரவேலர் தேவனைத் தொழும் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிக்குக் கர்த்தர் இவனைத்தான் பெயர்சொல்லி அழைத்தார். 35ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் வருகிறது: வெள்ளாட்டு மயிரைத் திரித்த பெண்கள். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை, ஆனால் அவர்கள் திரித்த கம்பளி கூடாரத்தின் மேல்மூடியானது. (அடுத்த அதிகாரத்தில், காணிக்கை தேவைக்கு மேல் குவிந்துவிட்டதால், இனி ஒருவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் சொன்னதாகவும் இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இப்படி ஓர் அறிவிப்பைக் கேட்க எனக்கும் ஆசைதான்.)

புதிய ஏற்பாட்டிலும் இதே தடம் தெரிகிறது. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, மேல்வீட்டில் கூடியிருந்த விதவைகள் பேதுருவிடம் அவளுடைய பக்தியைப் பற்றிப் பேசியதாக லூக்கா எழுதவில்லை. அவள் உயிரோடிருந்தபோது தங்களுக்குத் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டி அழுதார்கள் என்றுதான் எழுதுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரமோ இன்னும் நேரடியானது. அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர் முறுமுறுத்தபோது, பந்தி விசாரணைக்கு ஏழுபேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். சாப்பாடு பகிர்ந்து கொடுக்கும் வேலைதானே என்று தகுதியைக் குறைக்கவில்லை. நற்சாட்சியும் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்றே கேட்டார்கள். அந்த எழுவரில் ஸ்தேவானும் பிலிப்பும் பின்னர் பிரசங்கித்ததைக் காட்டி, "பாருங்கள், பந்தியிலிருந்து மேடைக்குப் போனார்கள்" என்று பதவி உயர்வு போலப் போதிப்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். மற்ற ஐவரான பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா பிரசங்கித்ததாக அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் தங்கள் ஊழியத்தில் பின்தங்கினார்கள் என்றும் ஒரு வரி இல்லை.

வேத காலத்தோடு நின்றுவிட்ட செய்தியும் அல்ல இது. நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை. அவர் 1914இல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். தந்தை ஜெசி பிராண்ட் சுவிசேஷம் சொன்னதோடு நிற்காமல், வீடு கட்டவும் மரவேலை செய்யவும் மலைமக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பால், பள்ளியை முடித்ததும் தந்தையின் வழியில் கட்டுமானத் தொழிலையும் தச்சு வேலையையும் முறையாகச் சில ஆண்டுகள் கற்றார். மருத்துவராகும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. மிஷனெரிப் பணிக்கு ஆயத்தமாக அடிப்படை மருத்துவம் படிக்கப் போன இடத்தில்தான் மனம் மாறியது. அதன்பின் லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவரை அறிந்த யாரேனும் அந்நாளில் கணக்குப் போட்டிருந்தால், செங்கலோடும் உளியோடும் கழிந்த அந்த ஆண்டுகள் வீண் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வேலூருக்கு வந்த புதிதில் அவர் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்திருந்த அந்தக் கை, வலி தாங்க முடியாத அளவுக்கு அவருடைய கையை நெரித்தது. அப்படியானால் தசைகள் எல்லாம் சாகவில்லை. விரல்களை விரிக்கும் சிறு தசைகளுக்குப் போகும் நரம்பு மட்டுமே பழுதுபட்டிருக்கிறது, முன்கையின் தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன. உயிருள்ள தசையின் நாணை எடுத்து, விரலுக்குக் கொண்டுபோய் இணைத்தால் என்ன? தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தியமைக்கும் அறுவைச் சிகிச்சை இப்படித்தான் வேலூரில் உருவானது. எந்த இழுப்பு எங்கே போய் முடிய வேண்டும், எந்தக் கோணத்தில் விசை வீணாகாது என்பதெல்லாம் மருத்துவ நூல் மட்டும் தரும் அறிவல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. மூட்டும் இணைப்பும் பார்த்துப் பழகிய தச்சனின் கண் அதற்குள் இருந்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடந்தது. கை சரியானவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஊர் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. சரியான கையை நீட்டிப் பிச்சை எடுப்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது என்று அவர்கள் முறையிட்டபோது, மருத்துவரிடம் அதற்கு மருந்து இல்லை, தச்சரிடம் இருந்தது. பின்னர் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் எளிய குடிசைகளை எழுப்பி, அங்கே தங்கியவர்களுக்குத் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் பிராண்ட் கற்றுக்கொடுத்தார். சுத்தியலும் இழைப்புளியும் பிடிக்கும் கைகளை அவர் பக்கத்திலிருந்து கவனித்ததால், புண் எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிந்தது. தொழுநோய் சதையைத் தின்றுவிடுவதில்லை. நோய் உணர்ச்சியைக் கொன்றுவிடுவதால், கைப்பிடி அழுத்துவதோ சூடு சுடுவதோ அந்தக் கைக்குத் தெரிவதில்லை, நாளடைவில் விரல் போய்விடுகிறது. ஒவ்வொரு மாலையும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வதும், கருவிகளின் பிடியை மெத்தென்று மாற்றிக்கொள்வதும், காலுக்கு மிருதுவான ரப்பர் செருப்பு அணிவதும் அங்கே சிகிச்சையின் பகுதியாயின. உலகமெங்கும் பின்பற்றப்பட்ட ஒரு மருத்துவ அறிவின் ஒரு பகுதி தச்சுப் பட்டறையில் பிறந்தது என்பதை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். தொழுநோயாளிகளின் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் அவரை ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் அந்தப் பணியைச் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். வரம் என்றதும் நம்மிடம் நிறைவாக இருப்பதை மட்டுமே எண்ணிக்கொள்கிறோம். தனக்கு இல்லாமல் போனதையும் சேர்த்துத்தான் அவர் தேவனுடைய கையில் கொடுத்தார்.

பெண்களின் கைவேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1819இல் நாகர்கோவிலுக்குக் கணவர் சார்லஸோடு வந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். பிரசங்க பீடம் அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் அறிந்திருந்தது நூலும் அதைச் சுற்றிய மரக்கட்டையும்தான். அந்த லேஸ் விற்ற வருமானம் பெண்பிள்ளைகளின் பள்ளியைத் தாங்கியது. அவருடைய மகள் எலிசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, இந்தக் கைத்தொழிலும் தேரிக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நூறு கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம். எலிசாவின் நூற்கட்டைகளைப் பற்றி ஒன்றாவது நடத்தியிருக்கிறோமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, "அப்படியானால் நம் வாலிபர் முகாமில் வரங்களைக் கண்டுபிடிக்கும் கேள்வித்தாள் கொடுக்கிறோமே, அதுதானே இது" என்று யாரேனும் கேட்கக்கூடும். அந்தக் கேள்வித்தாளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துத் தனக்குள்ளே தேடும் பிள்ளைக்குத் தன் விருப்பம்தான் முதலில் கண்ணில் படும். பிராண்ட் எந்தத் தாளிலும் தன் வரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. மடங்கிய ஒரு கை எதிரே வந்தபோதுதான் தன்னிடம் இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்தது. "அவனவன் பெற்ற வரத்தின்படியே" என்று தொடங்கும் பேதுருவின் வசனமும் "ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள்" என்றே முடிகிறது. எங்கள் ஆலயத்தில், காதுகேளாதோர் பள்ளியில் பணிசெய்யும் ஒரு அக்கா, முன்வரிசைக்கு எதிரே பக்கவாட்டில் நின்று பிரசங்கத்தைச் சைகைமொழியில் சொல்லிக்கொண்டிருப்பார். பிரசங்கியார் வேகமெடுக்கும்போது அவருடைய கைகள் ஒரு கணம் நிற்கும். பிறகு மூன்று வாக்கியத்தை ஒரே அசைவில் சுருக்கிச் சொல்லிவிடுவார். எதிரே இருப்பவர்கள் தலையசைப்பதைப் பார்த்தால், சில ஞாயிறுகளில் எங்களைவிட அவர்களுக்கே செய்தி தெளிவாகப் போய்ச் சேர்ந்ததோ என்று தோன்றும். அவர்கள் நாலுபேர் ஆலயத்துக்கு வரத் தொடங்கியதால்தான் அந்த அக்காவுக்கு இது ஊழியமானது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. "ஊழியமாகச் செய்யுங்கள்" என்ற ஒரு சொல்லால், ஏழைத் தொழிலாளிகளின் கூலியை மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம் சபைகளில் சில இடங்களில் உண்டு. பெயின்டரிடமும் கொத்தனாரிடமும் இலவசமாகக் கேட்பவர்கள், பந்தல் காண்டிராக்டரிடம் அப்படிக் கேட்பதில்லை. இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்த தச்சருக்கும் கொற்றருக்கும் கல்தச்சருக்கும் முறையாகப் பணம் கொடுக்கப்பட்டது. கூலி வாங்கியதால் அவர்களுடைய வேலை புனிதம் குறைந்துவிடவில்லை. (அந்தப் பணத்தைக் கையாண்டவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்கே கேட்கவில்லை என்றும் அங்கே இருக்கிறது. அந்த வசனத்தை மட்டும் நம் பொருளாளர்கள் யாரும் மனப்பாடம் செய்துவிட வேண்டாம்.) விருப்பத்தோடு ஒருவர் கொடுப்பது காணிக்கை, கூச்சத்தால் மறுக்க முடியாதவரிடம் வாங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எனவே புகழ்ச்சியையோ பொன்னாடையையோ நான் கேட்கவில்லை. பொன்னாடை போர்த்தினால் எலக்ட்ரீஷியனும் மேடைக்காரராகிவிடுவார். நமக்கு அது வேண்டியதில்லை. நான் கேட்பது, பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் ஒரு மாற்றம். பெசலெயேலுக்கும் அவனோடு வேலைசெய்த அகோலியாபுக்கும் வேலைசெய்யும் வரத்தோடு, அதை மற்றவர்களுக்குப் போதிக்கும் வரமும் கொடுக்கப்பட்டதாக யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் சொல்கிறது. நம் பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் மாதங்களில், ஒவ்வொருவரையும் சபையில் ஒரு தொழில் அறிந்த மூத்தவரிடம் சேர்த்துவிடலாம். சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, எவ்வளவு கறி, எத்தனை அடுப்பு என்று மனக்கணக்காய்ச் சொல்லும் அண்ணாச்சியிடம் ஒரு பையன் நிற்கட்டும். ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையோடு ஒருத்தி போய், மணியின் கயிறு எங்கே தேயும், விதானத்தில் எந்த ஓடு நழுவும் என்று பார்த்துவரட்டும். கணக்கு எழுதுபவர் ஒரு பிள்ளைக்கு ரசீதும் பேரேடும் ஒத்துப்போக வேண்டியதன் காரணத்தைக் காட்டட்டும். சைகைமொழி அக்காவுக்கு உதவியாள் தேவை; அவர் வரமுடியாத ஞாயிறுகளில் அந்த நாலுபேரும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் குருவானவர் ஐயாவிடம் இதைச் சொன்னேன். யோசனை நல்லதுதான், ஆனால் வகுப்புக்கான பாடத்திட்டம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்றார். மனப்பாடப் பகுதியில் இரண்டு பாராவைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் சபையில் இப்படி ஏதேனும் ஏற்கெனவே நடக்கிறதென்றால், எப்படி நடத்துகிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். கமிட்டிக்குக் கொண்டுபோக எனக்கு உதவும்.