கரண்ட் போனால் என்ன செய்வது என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுடைய நிறுவல் வழிகாட்டிகளைப் படித்தால், எழுதியவர் வீட்டில் கரண்ட் போனதே இல்லை, டேட்டா தீர்ந்ததே இல்லை என்றுதான் தோன்றுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறார்கள். நடக்காவிட்டால்?

டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பழைய கணினிகளில் உபுண்டு என்கிற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். (உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் நம்ம ஊர்க்காரர், தென்னாப்பிரிக்கர். முதல் பதிப்பு 2004இல் வந்தது.) இங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வருகிற முறைதான் சுலபம். அதற்கு ஐபஸ்-எம்17என் என்கிற தட்டச்சுப் பொதியை (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) நிறுவ வேண்டும். வழிகாட்டியில் ஒரே வரிக் கட்டளை. கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனால் அமைப்புகளில் போய்ப் பார்த்தால் அந்த முறை பட்டியலில் இருக்காது. வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் வந்துவிடும். இதைச் சொல்ல எத்தனை வார்த்தை ஆகிவிடும்?

நல்ல உதாரணமும் இருக்கிறது. 2023இல் இங்கே லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. நிறுவல் பாதியில் இருக்கும்போது கரண்ட் போகும். திரும்ப வந்து பொதி நிறுவப் போனால், ‘டிபிகேஜி (பொதிகளை நிறுவும் நிரல்) இடையில் நின்றுவிட்டது, இந்தக் கட்டளையைக் கொடுத்துச் சரிசெய்யுங்கள்’ என்று கட்டளையோடு திரையிலேயே வரும். கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். யாரோ ஒருவர் கரண்ட் போகும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்!

மென்பொருள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைவுக் கோப்புகள் விஷயம் இன்னும் மோசம். இணையத்தில் வகுப்பு நடத்த உதவும் மூடில் மென்பொருளை நிறுவும்போது, அது எழுதப்பட்ட பிஹெச்பி நிரல்மொழியின் 8ஆம் பதிப்பு இருந்தால் ‘மேக்ஸ் இன்புட் வார்ஸ்’ (ஒரே தடவையில் ஏற்கும் உள்ளீடுகளின் உச்ச எண்ணிக்கை) 5000 ஆவது வேண்டும் என்று கேட்கும். இயல்பாக இருப்பது 1000. சரி, மாற்றலாம். ஆனால் உபுண்டுவில் பிஹெச்பி.ஐஎன்ஐ என்கிற அமைவுக் கோப்பு ஒன்றல்ல, இணையப் பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சிக்கு ஒன்று, கட்டளை வரிக்கு ஒன்று. இரண்டாவதை மாற்றிவிட்டு உலாவியை எத்தனை தடவை புதுப்பித்தாலும் அதே 1000தான். சரியான கோப்பை மாற்றினாலும் அப்பாச்சியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ‘பிஹெச்பி அமைவை மாற்றவும்’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும் வழிகாட்டிகளை என்ன சொல்வது?

இது என் புலம்பல் மட்டுமல்ல. நிரலாளர்கள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளம் 2017இல் எடுத்த கணக்கெடுப்பில் 93 சதவீதம் பேர் அரைகுறையான, பழசாகிப்போன ஆவணங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் ஆவணங்களுக்குப் பங்களிப்பது அபூர்வம், அல்லது இல்லவே இல்லை என்றார்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. புதுப் பதிப்பு வெளியிடும் முன், அந்த மென்பொருளைத் தொட்டே இராத ஒருவரைப் புதுக் கணினி முன் உட்காரவைத்து, வழிகாட்டியை மட்டும் பார்த்து நிறுவச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே எழுதுங்கள். எத்தனை எம்பி இறங்கும் என்பதையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். டேட்டா காசு கொடுத்து வாங்குகிறோம்.

இலவசமாகக் கொடுப்பதில் குறை சொல்லாதே, நீயே திருத்தி அனுப்பு என்பார்கள். அனுப்புகிறோமே! எழுத்துப்பிழை என்றால் அன்றைக்கே ஏற்றுக்கொள்கிறார்கள். வழிகாட்டியில் உள்ள ஒரு படி வேலை செய்யவில்லை என்று சொன்னால் மட்டும் ‘எங்களுக்கு வேலை செய்கிறதே’ என்று பதில் வருகிறது. உங்களுக்கு வேலை செய்யும் சாமி, எழுதியதே நீங்கள்தானே.