பாமினியில் அடித்த பாடக்குறிப்பு
மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சாய்தளமும் லிஃப்டும் வந்துவிட்டால் கல்லூரி எல்லாருக்கும் பொதுவாகிவிடும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். பார்வையற்ற மாணவி ஒருத்தி என்னை வராந்தாவில் நிறுத்தி, என் பாடக்குறிப்பைத் தன் போனில் உள்ள, எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் செயலியில் ஓடவிட்டுக் காதருகே பிடித்தாள். நான் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன்; ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போர்த்திக் காட்டும் பழைய எழுத்துரு அது, போனுக்கு உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். ‘அம்மா’ என்ற சொல்லை அந்தச் செயலி ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று வாசித்தது. ஒரு பருவம் முழுக்க இதைத்தான் கேட்டிருக்கிறாள், பாவம். அன்று ராத்திரியே, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்தேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கிவிட்டது, சரி; உள்ளே வந்த பிள்ளைக்குப் படிக்கிற மாதிரி பாடம் தர வேண்டியது ஆசிரியர்கள் நாங்கள்தானே? மேலே கருத்துரையில் ஒரு நண்பர் ‘புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் போட்டால் போதும்’ என்கிறார். எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) கொண்டு எழுத்தாக மாற்றாதவரை அது வெறும் படம்தான் ஐயா, அவள் போன் அதில் ஒரு வரிகூட வாசிக்காது.