ஒரு குறியீட்டை மாற்ற நான்கு மாதங்கள்

கடந்த அக்டோபரில், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று அம்மா சொன்னதும், டர்பனில் உள்ள ஓர் இதய மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். மருத்துவர் பொறுமையாகப் பரிசோதித்தார். ஈசிஜி எடுத்து, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதைக் கண்டறிந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் எங்களை நடத்திய விதம்தான் இத்தனை மாதங்கள் கழித்தும் ஆறவில்லை.

வெளிநாட்டு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவத்துக்கு நாங்கள் நம்பியிருப்பது, மாதந்தோறும் சந்தா கட்டிவரும் மெடிக்கல் எய்டைத்தான். 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின்படி, சுமார் 270 நோய்நிலைகளுக்கும், அவற்றோடு நெடுங்கால நோய்ப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் ஆகும் செலவை ஒவ்வொரு திட்டமும் கட்டாயம் ஏற்க வேண்டும். சந்தாவில் ஒரு பகுதியை அன்றாட மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கி வைக்கும் உறுப்பினரின் சேமிப்புக் கணக்கிலிருந்து அந்தச் செலவைக் கழிக்கவும் கூடாது. அம்மாவுக்கு வந்திருக்கும் துடிப்புக் கோளாறு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மெடிக்கல் எய்டுக்கு அம்மாவையும் தெரியாது, ஈசிஜியையும் தெரியாது; மருத்துவரின் அலுவலகம் பில்லில் எழுதி அனுப்பும் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீடு ஒன்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் அம்மாவின் துடிப்புக் கோளாறைக் குறிக்கும் ஐ 48 இருந்திருக்க வேண்டும். இருந்தது ஆர் 00.2, அதாவது வெறும் படபடப்பு. நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அம்மா உள்ளே நுழையும்போது சொன்ன தொந்தரவை எழுதிவிட்டார்கள். விளைவாக, பில் சாதாரணச் செலவாகக் கருதப்பட்டு, செப்டம்பரிலேயே தீர்ந்துபோயிருந்த எங்கள் சேமிப்புக் கணக்குக்குப் போனது. 4,260 ராண்டு எங்கள் தலையில் விழுந்தது.

மெடிக்கல் எய்டில் பேசியவர் தெளிவாகச் சொன்னார்: குறியீட்டைத் திருத்தும் அதிகாரம் மருத்துவரின் அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு, திருத்திய பில், சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பின்வரும் நான்காவது மாதத்தின் கடைசி நாளுக்குள், எங்களுக்கு பிப்ரவரி முடிவதற்குள், வந்துசேர வேண்டும். அலுவலகத்தைக் கூப்பிட்டால், "மெடிக்கல் எய்டிடம் கேளுங்கள்" என்றார்கள். பதினோரு முறை கூப்பிட்டேன். இரண்டு முறை மின்னஞ்சலில் எழுதினேன். டிசம்பர் நடுவில் விடுமுறைக்காகக் கதவைச் சாத்தினார்கள். ஜனவரியில் திறந்ததும் முதலில் வந்தது, பணம் கட்டாவிட்டால் கணக்கு வழக்கறிஞரிடம் போகும் என்ற குறுஞ்செய்தி.

அதே மாதம் அம்மாவுக்கு மறுபரிசோதனை. நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைவதற்குள், ஆள் நிறைந்த அந்தக் கூடத்தில், வரவேற்பு மேசையிலிருந்த பெண் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆன்ட்டி, உங்கள் கணக்கில் பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். நான் போனபோது அம்மா கைப்பையைத் திறந்து, தைப்பூசக் காவடிக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த உறையிலிருந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. எழுபத்து நான்கு வயதில், வாழ்நாளில் யாருக்கும் ஒரு காசு கடன் வைக்காத மனுஷி, முன்பின் தெரியாதவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன்னுடையதல்லாத ஒரு தவறுக்காகத் தலைகுனிந்து நின்றார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

நோட்டுகளை உறைக்குள் திரும்ப வைத்துவிட்டு, அலுவலக மேலாளரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அங்கேயே நின்றேன். மேலாளர் வந்தார், அம்மாவின் கோப்பைத் திறந்தார், மருத்துவரின் குறிப்பைப் படித்தார், குறியீட்டை மாற்றிப் பில்லை மறுபடி அனுப்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மெடிக்கல் எய்ட் பிப்ரவரியில் முழுத்தொகையையும் கட்டிவிட்டது. கணக்கு நேரானதாக அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வருந்துகிறோம் என்ற ஒரு சொல் அதில் இல்லை.

மருத்துவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு நோயாளிதான் பொறுப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிழையைத் திருத்தும் சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிழையால் வந்த பாக்கிக்காகவே நோயாளியை விரட்டுவது எந்த ஊர் நியாயம்? கட்டண விஷயமும் அப்படித்தான். மருத்துவச் சேவைகளுக்கு அரசு வெளியிட்டுவந்த பரிந்துரைக் கட்டணப் பட்டியலை 2010-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது முதல், தனியார் மருத்துவர் எவ்வளவு கேட்பார் என்பதை நாமாக முன்கூட்டிப் பார்த்து அறியப் பொதுவான பட்டியல் இல்லை. செலவையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. எங்களிடம் யாரும் ஒரு தொகையும் சொல்லவில்லை. கேட்கலாம் என்பது எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அடுத்த பரிசோதனை ஏப்ரலில். "அந்த இடத்துக்கு நான் வரவில்லை" என்கிறார் அம்மா. மருத்துவரை மாற்ற எனக்கு மனமில்லை. கட்டணம் எவ்வளவு, எந்தக் குறியீட்டில் பில் போகும் என்று எழுத்தில் கேட்டு நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் அச்சிட்டு அம்மாவின் கைப்பையில் வைப்பேன். இந்த முறை காரை எங்கே நிறுத்தினாலும் அவரை என்னுடனேயே உள்ளே அழைத்துப்போவேன்.